எத்தனை நாள்? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மா,

வணக்கம். குழந்தைகள் இல்லங்களுக்குச் சில நாள் தொண்டு செய்யப் போகிறவர்களால் பிள்ளைகளுக்குக் கேடுதான் என்று சென்ற வாரம் நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. நான் கணக்கராக வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்து, மூன்று வார விடுப்பில் காத்மாண்டுவில் ஓர் அனாதை இல்லத்துக்குப் போக முன்பணமும் கட்டிவிட்டேன். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும், கூட விளையாட வேண்டும் என்றார்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு மூன்று வாரமாவது அன்பு கிடைத்தால் அது தவறா? ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருப்பதைவிடப் போவது மேல் அல்லவா? நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தை இணைத்திருக்கிறேன்.

சு.

அன்புள்ள சு.,

முகம் தெரியாத பிள்ளைகளுக்காக இரண்டு ஆண்டு சேமிப்பை எடுத்துவைக்கிற மனம் எல்லோருக்கும் வாய்க்காது. அந்த மனத்தை மதிப்பதால்தான் மழுப்பாமல் எழுதுகிறேன். போகாதீர்கள்.

‘பெற்றோர் இல்லாத பிள்ளை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நேபாளத்தின் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கணித்திருக்கிறது. பிறகு ஏன் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்?

1996 முதல் 2006 வரை அந்த நாட்டில் அரசுக்கும் மாவோயிஸ்டுக் கிளர்ச்சியாளர்களுக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. வடமேற்கு மூலையில், திபெத் எல்லையை ஒட்டிய ஹும்லா மாவட்டத்தில், பிள்ளையை மாவோயிஸ்டுகள் படைக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்று பெற்றோர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தரகர்கள் வந்தார்கள். காத்மாண்டுவில் நல்ல பள்ளி, தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு என்றார்கள். நிலத்தை விற்றுப் பணம் கொடுத்தனுப்பிய குடும்பங்கள் உண்டு. தலைநகருக்கு வந்து சேர்ந்ததும் காகிதத்தில் அந்தப் பிள்ளை அனாதையாகிவிடும். பெற்றோரின் இறப்புச் சான்றிதழைப் போலியாகத் தயாரிப்பது தரகருக்குப் பெரிய காரியம் இல்லை. போர் முடிந்தபின், குடும்பங்களைத் தேடிப் போனவர்கள் ஹும்லாவின் தலைமையிடமான சிமிகோட்டில் சிறு விமானத்திலிருந்து இறங்கி, பிள்ளைகளின் புகைப்படங்களோடு நாள்கணக்கில் மலைப்பாதையில் நடந்தார்கள். இறந்துபோனதாகச் சான்றிதழ் சொன்ன தாய்மார்கள் வந்து கதவைத் திறந்தார்கள்.

இல்லங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நேபாளத்தில் 75 மாவட்டங்கள் இருந்த காலத்தில், பதிவுபெற்ற இல்லங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 90, சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக வரும் ஐந்தே மாவட்டங்களில் இருந்தன. பஞ்சம் தலைவிரித்தாடும் மலைக் கிராமங்களில் இல்லை. கம்போடியாவிலும் இதே கதைதான். 2005-இல் 154 ஆக இருந்த இல்லங்கள் 2010-இல் 269 ஆயின. அந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே உள்நாட்டுப் போர் இல்லை, சுற்றுலா வளர்ந்தது. பார்க்க ஆள் வருகிறது, பணம் வருகிறது, ஆகவே பிள்ளைகளும் கொண்டுவரப்படுகிறார்கள். நீங்கள் கட்டிய முன்பணம் போய்ச்சேரும் இடம் இப்படிப்பட்டதாக இருக்கலாம் என்பதே என் அச்சம்.

அந்த இல்லம் நேர்மையானதாகவே இருக்கட்டும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஓர் இல்லத்துக்கு இனிப்புப் பெட்டியோடு போயிருக்கிறேன். வாசலில் நுழைந்ததும் நான்கு வயது இருக்கும் ஒரு சிறுமி வந்து என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். “தீதி, கதி தின்?” என்று கேட்டாள். நேபாளி மொழியில் “அக்கா, எத்தனை நாள்?” என்று பொருள். என் பெயரை அவள் கேட்கவே இல்லை. மாலை வரை என் மடியைவிட்டு இறங்கவில்லை. நான் கிளம்பியபோது அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. அடுத்து வந்து நின்ற வண்டியிலிருந்து இறங்கியவரின் விரலைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

யார் வந்தாலும் மடியில் ஏறிக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பாசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நிலையான ஒருவர் இல்லாமல் வளரும் பிள்ளைகளிடம் காணப்படும் பாதிப்பு இது என்கிறார்கள் உளவியலாளர்கள். ருமேனியாவில், புக்கரெஸ்ட் நகர இல்லங்களிலிருந்த 136 சிறு குழந்தைகளை 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இல்லத்துப் பராமரிப்பிலேயே விடப்பட்ட பிள்ளைகளைவிட அவர்கள் அறிவிலும் உறவிலும் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே வீடு கிடைத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். தினமும் அதே முகம் வருவதுதான் குழந்தைக்கு மருந்து. மூன்று வாரத்துக்கு ஒரு புதிய அக்கா வந்து போவது அதற்கு நேர் எதிரானது.

உண்மையிலேயே யாரும் இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்ற வீடே பாதுகாப்பில்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் ஒரு பாட்டி, ஒரு சித்தி, ஒரு வளர்ப்புக் குடும்பம் கிடைக்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நேபாளத்தின் 2018-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது.

உங்கள் படிவத்தைப் பார்த்தேன். சைவமா அசைவமா என்று கேட்டிருக்கிறார்கள். சட்டை அளவு கேட்டிருக்கிறார்கள். குற்றப் பின்னணி இல்லை என்று காட்டும் காவல்துறைச் சான்றிதழ் கேட்கவில்லை. பிள்ளைகள் தூங்கும் இடத்துக்குள் ஓர் அந்நியரை விடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்லவா? உங்களிடம் கேட்காதவர்கள் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

ஒன்றும் செய்யாமல் வீட்டில் இருப்பதா என்று கேட்டீர்கள். நீங்கள் கணக்கர். பிள்ளைகளைக் குடும்பங்களோடு சேர்த்துவைக்கும் சிறிய அமைப்புகள் வரவுசெலவுக் கணக்கிலும் நன்கொடையாளருக்கான அறிக்கையிலும் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு மாலை, வீட்டிலிருந்தே, மூன்று ஆண்டுகள் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொடுத்தால் களப்பணியாளர் ஒருவருக்கு மலையேற நேரம் கிடைக்கும். சேர்த்த பணத்தையும் அங்கேயே கொடுக்கலாம். தாயிடம் திரும்பிய பிள்ளைக்குப் பள்ளிச் செலவு இருக்கிறது. குளிர்காலத்துக்குக் கம்பளி உடை வேண்டும்.

இன்றே முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். அதே கடிதத்தில், சென்ற ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள், திரும்பியவர்களைப் போய்ப் பார்த்துவருவது யார் என்றும் கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்குத் தெரியப்படுத்துங்கள். நம்பகமான அமைப்பைத் தேடும் வேலையில் நானும் உங்களோடு இருக்கிறேன்.