எலி கூடு கட்டிய டிராக்டரை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள்

அறுவடை முடிந்து ஷெட்டில் நிறுத்திய பழைய டிராக்டரின் ஏர் கிளீனர் குழாயிலிருந்து நெல்லும் உமியும் கொட்டுகிறது என்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குச் சாவியைத் தொடாதீர்கள் நண்பரே. ஃபில்டரைத் தாண்டி நெல் உள்ளே போனால் எஞ்சினுக்கு ஆபத்து. அங்கிருந்து எஞ்சின் வரை குழாயை முழுதாகக் கழற்றிப் பாருங்கள். ஏர் கிளீனர் ஆயில் பாத் வகை (காற்றை எண்ணெயால் வடிகட்டுவது) என்றால் அந்த எண்ணெயையும் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் கடிபட்ட வயர் இருக்கிறதா என்று தேடுங்கள். ஷார்ட் ஆனால் வண்டியே தீப்பிடிக்கும்.

கூட்டை வெறும் கையால் அள்ள வேண்டாம், எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசலால் நனைத்த பிறகு எடுங்கள். சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் சந்து போதும். அதனால் புகைக்குழாய் வாயைத் தகர டப்பாவால் மூடுங்கள். முக்கியமாக, நெல் மூட்டைகளை அந்த ஷெட்டில் வைக்காதீர்கள்.