ஜீப் ஹீட்டர் கோர்: டாஷ்போர்டை கழட்டறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க

அக்டோபர் வந்தாச்சு, மிச்சிகன்ல காலைல கண்ணாடில பனி படிய ஆரம்பிச்சாச்சு, நம்மாளுங்க எல்லாரும் இப்பதான் ஹீட்டரை ஆன் பண்ணி பாக்கறாங்க போல, ரெண்டு வாரமா ஒரே மாதிரி கேள்வியா வருது. அதான் எல்லாத்துக்கும் சேர்த்து இங்கயே பதில் சொல்லிடறேன். ஹீட்டர் கோர்ங்கறது டாஷ்போர்டுக்குள்ள இருக்கற குட்டி ரேடியேட்டர், இன்ஜின்ல சூடான கூலன்ட் (இன்ஜினை ஆறவைக்கற திரவம்) அதுக்குள்ள ஓடும், அதுமேல பட்டு வர்ற காத்துதான் உள்ள சூடா வரும். எனக்கு நல்லா பழக்கம் 4.0 லிட்டர் இன்ஜின் போட்ட ரேங்லர் டிஜே, அதாவது 1997லேர்ந்து 2006 வரைக்கும் வந்தது, அப்புறம் பழைய செரோக்கி எக்ஸ்ஜே. டிஜேக்கு அடுத்து வந்த ரேங்லர் ஜேகே பத்தியும் கொஞ்சம் சொல்றேன்.

கேள்வி (மினியாபோலிஸ்): அண்ணா, 2003 டிஜே. பாசஞ்சர் பக்கம் கால் வைக்கற இடத்துல கார்பெட் ஈரமா இருக்கு. கோர் போச்சுன்னு முடிவு பண்ணி பார்ட் ஆர்டர் போட்டுடலாமா?

பதில்: இருங்க இருங்க. அந்த இடத்துல தண்ணி வர மூணு வழி இருக்கு. மழை பெஞ்சா முன் கண்ணாடி ரப்பர் வழியா வரும், ஏசி தண்ணி வெளிய போற டியூப் சேத்துல அடைச்சுக்கிட்டா உள்ள வரும் (ட்ரெயிலுக்கு போற வண்டில இது சகஜம்), மூணாவதுதான் கோர். ஒரு வெள்ளை டிஷ்யூவை கார்பெட்ல அழுத்தி எடுங்க. கலர் இருந்து, விரல்ல தேய்ச்சா வழுவழுன்னு இருந்தா கூலன்ட். வெறும் தண்ணின்னா கோரை சந்தேகப்படாதீங்க. டிஃப்ராஸ்ட் (முன் கண்ணாடிக்கு காத்து விடறது) போட்டா கண்ணாடில பிசுபிசுன்னு படலம் படியுது, கூடவே ஒரு இனிப்பு வாசனை, ரேடியேட்டர்ல அளவும் குறையுதுன்னா சந்தேகமே வேணாம். அப்பவும் பிரஷர் டெஸ்டர் (அழுத்தம் ஏத்தி கசிவு பாக்கற பம்ப்) வச்சு ஒரு தடவை பாத்துடுங்க, பார்ட்ஸ் கடைல டெபாசிட் வாங்கிட்டு சும்மா குடுப்பாங்க. இன்ஜின் நல்லா ஆறினப்புறம் மாட்டுங்க, ரேடியேட்டர் மூடில போட்டிருக்கற பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதீங்க. வீட்ல நாய், சின்ன பசங்க இருந்தா அந்த கார்பெட்டை உடனே கழுவிடுங்க, கூலன்ட்ல இருக்கற எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனா விஷம்.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணை, என்ர ஜேகே 2014, 3.6 எஞ்சின். டிரைவர் பக்கம் குளிர்காத்து, மற்றப் பக்கம் நல்ல சூடு. கராஜ்காரர் கோர் மாத்த வேணும், டாஷ்போர்ட் முழுக்கக் கழட்ட வேணும் எண்டு சொல்லினம். வேற வழி இல்லையோ?

பதில்: இருக்கு, முதல்ல அதை பண்ணுங்க. அந்த 3.6 இன்ஜின்ல இது ஊரறிஞ்ச பிரச்சினை, இன்ஜின் பிளாக் வார்க்கும்போது மிச்சம் இருக்கற மணலும் சேறும் கோரோட நுண்ணிய குழாய்ல போய் தங்கிடும், ஓட்டம் பாதியாயிடும், சூடு ஒரு பக்கம் மட்டும் வரும். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) கிட்ட போற ரெண்டு ஹோஸையும் தொட்டு பாருங்க. ஒண்ணு கொதிச்சு இன்னொண்ணு வெதுவெதுன்னு இருந்தா அடைப்பு. ரெண்டும் கொதிச்சும் காத்து குளிர்ந்தா உள்ள இருக்கற பிளெண்ட் டோர் (சூடான காத்தையும் குளிர்ந்த காத்தையும் கலக்கற கதவு) வேலை செய்யல. ரெண்டுமே சூடாகலைன்னா கோரை விட்டுடுங்க, கூலன்ட் குறைச்சலா, தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்னுடுச்சா, காத்து அடைச்சிருக்கான்னு பாருங்க.

அடைப்புதான்னா ரெண்டு ஹோஸையும் கழட்டி, கூலன்ட் வழக்கமா வெளிய வர்ற பக்கத்துலேர்ந்து தண்ணி விட்டு எதிர்த்திசைல கழுவுங்க. குழாயை லேசா திறந்தா போதும், வீட்டு தண்ணி பிரஷரை முழுசா விட்டா நல்லா இருக்கற கோரும் பிளந்துரும். வர்ற தண்ணியை வெள்ளை பக்கெட்ல பிடிங்க, அடில மணல் படிஞ்சா நோய் புரிஞ்சுரும். தெளிவா வர்ற வரைக்கும் திசை மாத்தி மாத்தி விடுங்க. ஜெல் மாதிரி கொழகொழன்னு வந்தா யாரோ ரெண்டு வகை கூலன்ட்டை கலந்திருக்காங்க. ஜேகேக்கு 2012 வரைக்கும் ஹோட் (HOAT), 2013லேர்ந்து ஓட் (OAT), ரெண்டும் வேற வேற வகை கூலன்ட், உங்களுது ஓட். கலரை பாத்து ஊத்தறதை நிறுத்துங்க, பாட்டில்ல இருக்கற ஸ்பெக்கை பாருங்க.

கேள்வி (டென்வர்): அலுமினியமா, காப்பர்-பித்தளையா? விலை வித்தியாசம் அதிகமா இருக்கே சார்.

பதில்: எதுல செஞ்சதுங்கறதை விட டாஷுக்குள்ள இருக்கற ஹீட்டர் பெட்டில சரியா உக்காருதாங்கறதுதான் எனக்கு முக்கியம். பித்தளைல இருக்கற நல்லது, ட்யூப் லேசா வளைஞ்சாலும் சமாளிக்கலாம், ஓட்டை விழுந்தா ஈயம் வச்சு அடைக்கலாம். அலுமினியம் கம்பெனி பொருத்தத்துக்கு கிட்ட வரும், ஆனா பழைய கூலன்ட்டை தாங்காது.

பாத்து வாங்க வேண்டியது என்னன்னா, ரெண்டு ட்யூபோட கோணமும் நீளமும். பழையதை வெளிய எடுத்து புதுசு பக்கத்துல வச்சு பாக்காம பெட்டியை மூடாதீங்க. மலிவு கோர்கள்ல ட்யூப் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், அழுத்தி மாட்டினா மாட்டும், ஆனா அந்த அழுத்தம் பத்தவச்ச இடத்துல போய் நிக்கும், கல்லுமேல வண்டி குலுங்க குலுங்க அங்கதான் விரியும். அடுத்தது ஃபோம். கோரை சுத்தி ஒட்டியிருக்கற பஞ்சு புதுசுல இல்லைன்னா காத்து கோருக்குள்ள போகாம ஓரமா நழுவிடும், புது கோர் போட்டும் சூடு வரலைன்னு புலம்பறவங்கள்ல பாதி பேர் கதை இதுதான். ஒட்டற ஃபோம் டேப் ஒரு ரோல் வாங்கி வச்சுக்கோங்க. எக்ஸ்ஜேக்கு 96 வரைக்கும் ஒண்ணு, 97லேர்ந்து வேற. டிஜேக்கும் விஐஎன் நம்பர் (வண்டியோட அடையாள எண்) குடுத்தே கேளுங்க.

கேள்வி (சிகாகோ): டிஜேல டாஷ்போர்டை வீட்லயே கழட்டலாமா? ஏசி இருக்கு.

பதில்: கழட்டலாம், ஒரு வீக்எண்ட் ஒதுக்குங்க, கூட ஒரு ஆள் வேணும். ஏசி வண்டில எவாப்பரேட்டரும் (ஏசி காத்தை குளிர வைக்கற பாகம்) ஹீட்டர் கோரும் ஒரே பெட்டிக்குள்ள, அதனால முதல்ல கடைக்கு போய் ஏசி கேஸை மெஷின்ல எடுத்துடுங்க. காத்துல விடறது அமெரிக்கால சட்டப்படி குத்தம். பேட்டரி நெகட்டிவை கழட்டி ரெண்டு நிமிஷமாவது விடுங்க, ஏர்பேக் இருக்கு. கூலன்ட்டை வடிச்சிட்டு ஃபயர்வால் ஹோஸை முறுக்கி இழுக்காம பிளேடால நீளவாக்குல கீறி எடுங்க, ஹோஸ் புதுசு போட்டுக்கலாம். ஒண்ணு 5/8 இன்ச், இன்னொண்ணு 3/4. ஸ்டியரிங் காலமை இறக்கி, கண்ணாடி ஓரத்துல இருக்கற போல்ட்டுங்களை எடுத்தா டாஷ் பின்னாடி சாயும். ஒவ்வொரு கனெக்டர்லயும் மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் போடுங்க. பெட்டியை பிடிச்சிருக்கற நட்டுங்க இன்ஜின் பக்கம் இருக்கு, துருப்பிடிச்சிருக்கும், முந்தின நாளே துரு எண்ணெய் அடிச்சு வைங்க. பெட்டியை வெட்டி கோரை உருவற வீடியோ நிறைய சுத்துது, எனக்கு அது பிடிக்காது, அப்புறம் டேப் வச்சு ஒட்டினாலும் காத்து கசியும்.

கேள்வி (சாக்ரமென்டோ): போன வருஷம்தான் அலுமினிய கோர் மாத்தினேன், மறுபடி ஒழுகுது. டூப்ளிகேட் பார்ட்டா?

பதில்: இருக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், வின்ச் (மாட்டின வண்டியை இழுக்கற மோட்டார்), எக்ஸ்ட்ரா லைட், வாக்கி டாக்கி ரேடியோ ஏதாவது போட்டிருக்கீங்களா? எர்த் எங்க குடுத்திருக்காங்க? பெயிண்ட் மேல போல்ட் போட்டு எர்த் குடுத்திருந்தா கரண்ட் திரும்ப போக வழி தேடும், கூலன்ட் வழியாவும் போகும், போற வழில அலுமினியத்தை அரிக்கும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, கறுப்பு வயரை பேட்டரி நெகட்டிவ்ல பிடிச்சு, சிவப்பை ரேடியேட்டருக்குள்ள கூலன்ட்ல மட்டும் தொடற மாதிரி முக்குங்க, உலோகத்துல படக்கூடாது. ஆறின இன்ஜின்ல மூடியை திறந்து வச்சுட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, லைட், ஃபேன், வின்ச் ஒவ்வொண்ணா போட்டு பாருங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா கவலை இல்ல. 0.3க்கு மேல போச்சுன்னா, எதை ஆன் பண்ணினப்ப ஏறுச்சோ அதோட எர்த்தை பேட்டரிக்கே நேரா கொண்டு போங்க. எதை ஆன் பண்ணாமயே ஏறியிருந்தா கூலன்ட்டே அமிலமாயிருக்கு, மாத்துங்க. இன்ஜினை தாங்கற மவுண்ட் ரப்பரையும் ஒரு தடவை பாருங்க, அது செத்துட்டா இன்ஜின் ஆடும்போதெல்லாம் ஹோஸ் கோர் ட்யூபை பிடிச்சு இழுக்கும்.

கேள்வி (டல்லாஸ்): லீக் அடைக்கற மருந்து ஊத்தலாமா ப்ரோ?

பதில்: வேணாம். ஓட்டையை அடைக்கறதுக்கு முன்னாடி கோர் குழாயை அடைக்கும்.

கேள்வி (வினிபெக்): மைனஸ் 40 போகும் அண்ணா இங்க. கூலன்ட் என்ன அளவு?

பதில்: பாதிக்கு பாதின்னா மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கும், உங்க ஊருக்கு 60 கூலன்ட், 40 டிஸ்டில்டு வாட்டர் வைங்க. நிறைய ஊத்தினா இன்னும் நல்லதுன்னு இல்ல, 70ஐ தாண்டினா திரும்ப சீக்கிரமா உறையும். ஊத்தும்போது வண்டி மூக்கை சரிவுல மேல வச்சு, ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வச்சு ஓடவிடுங்க, காத்து வெளிய வந்துரும்.

கேள்வி (சால்ட் லேக் சிட்டி): மோவாப் (யூட்டால கல்லு ட்ரெயில் ஊர்) போறோம். நடுவழில கோர் ஒழுகினா?

பதில்: ஒரு பக்கம் 5/8, இன்னொரு பக்கம் 3/4 இருக்கற பித்தளை நிப்பிள் (ரெண்டு ஹோஸை இணைக்கற குட்டி குழாய்) ஒண்ணு, ரெண்டு கிளாம்ப், ஒரு கேலன் தண்ணி. இன்ஜின் ஆறட்டும், கோர்லேர்ந்து ரெண்டு ஹோஸையும் கழட்டி அந்த நிப்பிள்ல ஒண்ணோட ஒண்ணு சேர்த்துடுங்க, 4.0ல கூலன்ட் கோருக்கு போகாம சுத்திக்கிட்டே இருக்கும், வீடு வரைக்கும் வரலாம். ராத்திரி குளிருக்கு கம்பளி எடுத்துக்கோங்க.

கேள்வி (மினியாபோலிஸ், மறுபடியும்): அண்ணா, கோர் மாத்தி முடிச்சுட்டேன், சூடு சூப்பர். ஆனா மேடு ஏறும்போது காத்து தானா கண்ணாடிக்கு போயிடுது.

பதில்: காத்து எங்க போகணும்னு திருப்பற கதவை இழுக்கற வேக்கம் லைன் (இன்ஜினோட உறிஞ்சற அழுத்தம் போற மெல்லிசு டியூப்) ஒண்ணு சரியா மாட்டல, இல்ல விரிஞ்சிருக்கு. மேட்டுல ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் வேக்கம் குறையும், உடனே அந்த கதவு டிஃப்ராஸ்ட்டுக்கு போய் நின்னுடும். கண்ட்ரோல் பேனலுக்கு பின்னாடி இருக்கற கொத்து கனெக்டரை முதல்ல பாருங்க, அப்புறம் ஃபயர்வால் தாண்டி இன்ஜின் பக்கம் போற மெல்லிசு டியூபை. டாஷை திரும்ப கழட்ட வேண்டியிருக்காது.