மெயின் ஸ்விட்ச்போர்டில் கெப்பாசிட்டர் பேங்க் (பல கெப்பாசிட்டர்கள் அடுக்கிய பெட்டி) வைத்தால் பில்லில் வரும் ரியாக்டிவ் கட்டணம் போய்விடுமா? கடைசியில் இருக்கும் மோட்டாருக்கு வோல்டேஜும் கூடுமா?

முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதற்கு, கிட்டத்தட்ட இல்லை. சிங்கப்பூரில் தொழிற்கூடக் கட்டடங்களில் பதினோரு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் காசைக் கொட்டியவர்கள் உண்டு.

மோட்டார் சுழலக் காந்தப்புலம் வேண்டும். அதற்கான சக்தியை மோட்டார் தின்றுவிடுவதில்லை. நொடிக்கு 100 தடவை கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. இதுதான் ரியாக்டிவ் சக்தி. ஆனால் அந்தக் கொடுக்கல் வாங்கல் அத்தனையும் கேபிள் வழியாகத்தானே நடக்கிறது! 100 கிலோவாட் லோடு, பவர் ஃபேக்டர் (வாங்கும் மொத்தத்தில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.7 என்றால் மூன்று ஃபேஸ் 400 வோல்ட்டில் சுமார் 206 ஆம்பியர். அதுவே 0.95 ஆனால் 152. கேபிள் சூடாவது ஆம்பியரின் வர்க்கக் கணக்கில் என்பதால், வெப்ப இழப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். கெப்பாசிட்டர் வைப்பது, பக்கத்து வீட்டிலேயே கைமாற்றுக்கு ஆள் பிடிப்பது மாதிரி. உங்களைப் போல ஹை டென்ஷன் (உயரழுத்த) சப்ளை வாங்குபவர்களுக்கு இங்கே ரியாக்டிவ் யூனிட், மின் யூனிட்டில் 62 சதவீதத்தைத் தாண்டினால்தான் கட்டணம். அதாவது பவர் ஃபேக்டர் 0.85-க்குக் கீழே போனால். மேலே சொன்ன லோடை 0.7-லிருந்து 0.95-க்குக் கொண்டுவரச் சுமார் 70 கே.வி.ஏ.ஆர். (கெப்பாசிட்டரின் அளவைச் சொல்லும் அலகு) போதும்.

சரி, வோல்டேஜ்? உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 1000 கே.வி.ஏ., இம்பீடன்ஸ் (அதற்குள் இருக்கும் மின்தடுப்பு) 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கே.வி.ஏ.ஆர். போட்டால் ஏறுவது 0.35 சதவீதம், 400-க்கு 1.4 வோல்ட். அவ்வளவுதான். அதோடு, மெயின் போர்டில் வைத்த கெப்பாசிட்டர் அதற்கு அப்பால் ஓடும் கேபிளுக்கு ஒன்றுமே செய்யாது. மோட்டார் வரைக்கும் அதே ஆம்பியர், அதே இறக்கம். அங்கே வோல்டேஜ் குறைந்தால் தடிமனான கேபிள் போடுங்கள், அல்லது மோட்டாருக்குப் பக்கத்திலேயே கெப்பாசிட்டர் வையுங்கள். எல்லா இடத்திலும் குறைவாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை (காயிலின் சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) ஒரு படி மாற்றினால் 2.5 சதவீதம் கிடைக்கும், சப்ளையை நிறுத்திவிட்டுத்தான்.

ஊரில் சாயங்காலம் பம்ப்செட் ஓடினால் வோல்டேஜ் இறங்கி டியூப் லைட் கண்ணடிக்கும். அந்தப் பழக்கத்தில் ‘கெப்பாசிட்டர் எவ்வளவு இருந்தாலும் நல்லதுதான்’ என்று தோன்றும். இங்கே நிலைமை வேறு. கிட்டத்தட்ட எல்லாமே பூமிக்கடியில் போகும் கேபிள். கேபிளே ஒரு நீளமான கெப்பாசிட்டர். இரவில் லோடு குறையும்போது வோல்டேஜ் ஏறப் பார்க்கும். அதை அடக்கவே உயரழுத்தக் கட்டமைப்பில் ரியாக்டர் (கெப்பாசிட்டருக்கு எதிர்வேலை செய்யும் காயில்) வைக்கிறார்கள். 66-லிருந்து 22 கிலோவோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் லோடு ஓடும்போதே டேப் தானாக மாறும்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு உறைக்க வைத்தது. ஆலை மூடியிருக்கிறது, ஆனால் பேனலில் பவர் ஃபேக்டர் ‘லீடிங்’ என்று, அதாவது கெப்பாசிட்டர் தேவைக்கு மேல் இருக்கிறது என்று, காட்டுகிறது. கதவைத் திறந்தால், ஒரு கான்டாக்டரின் (கெப்பாசிட்டரை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்) முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கன்ட்ரோலர் ஆஃப் சொல்லியும் விடவில்லை. அந்தக் கான்டாக்டரோடு சேர்ந்த கெப்பாசிட்டர் டப்பா பூரி மாதிரி உப்பியிருந்தது.

பேங்க் வாங்கும்போது ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். கெப்பாசிட்டருக்கென்றே வரும் கான்டாக்டர் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்புறம், ஆஃப் செய்த உடனே கை வைக்க வேண்டாம். ஐந்து நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு, அதுவும் லைசென்ஸ் உள்ளவர்.