ஃப்ரீபிஎஸ்டியில் லிப்ரேஆபிஸ் பழைய பதிப்பிலேயே நிற்பது ஏன்?
உபுண்டுவிலிருந்து, யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 14-க்கு மாறியபின், மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் ‘பிகேஜி’ கருவியில் ‘பிகேஜி அப்கிரேடு’ கொடுத்தும் அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸ் புதுப்பதிப்புக்கு வராததை நிறுவலின் கோளாறாகக் கருத வேண்டாம். ‘குவாட்டர்லி’ என்னும் காலாண்டுக் கிளையிலிருந்து தொகுப்புகள் (நிறுவத் தயாரான மென்பொருள்கள்) வருவதே பெரும்பாலும் காரணம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிரிக்கப்படும் அக்கிளைக்கு, இடைப்பட்ட காலத்தில் முக்கியமாகப் பாதுகாப்புத் திருத்தங்களே வந்து சேரும்.

‘பிகேஜி -விவி’ என்று இயக்கி, வெளியீட்டின் இறுதியில் உள்ள களஞ்சிய முகவரியைப் பாருங்கள். அது ‘குவாட்டர்லி’ என்று முடிந்தால் காரணம் இதுவே என்பதில் ஐயமில்லை. புதுப்பதிப்பு வேண்டுமெனில் கிளையை இப்படி மாற்றுங்கள்:

1. /ஈடிசி/பிகேஜி அடைவிலுள்ள ‘ஃப்ரீபிஎஸ்டி.கான்ஃப்’ கோப்பைத் தொடாமல், அதன் படியை /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி/பிகேஜி/ரெப்போஸ் அடைவில் வையுங்கள். அடைவு இல்லையெனில் உருவாக்கிக்கொள்ளுங்கள்.

2. படியில் ‘குவாட்டர்லி’ என்பதை ‘லேட்டஸ்ட்’ என மாற்றி, ‘பிகேஜி அப்டேட் -எஃப்’, பிறகு ‘பிகேஜி அப்கிரேடு’ கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ‘லேட்டஸ்ட்’ கிளையில் ஏதேனும் ஒரு தொகுப்பு உருவாக்கத்தில் தோற்றிருந்தால், அதைச் சார்ந்தவற்றையெல்லாம் நீக்கிவிடவா என்று பிகேஜி கேட்கும். அந்த நீக்கப் பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ அழுத்தி, ஒருமுறை மேசைச் சூழலையே இழந்து கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

கெர்னல் (இயங்குதளத்தின் கரு) உள்ளிட்ட அடிப்படை அமைப்பு ‘பிகேஜி அப்கிரேடு’ கொடுப்பதால் புதுப்பிக்கப்படாது. எல்லாவற்றையும் சேர்த்தே புதுப்பிக்கும் உபுண்டுவின் ‘ஏபிடி’ கருவியின் பழக்கத்தில் மறந்துவிடாமல் ‘ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்’ கட்டளையைத் தனியே இயக்குங்கள்.