ஒரு நாளைக்கு எத்தனை நோட்டிஃபிகேஷன் அனுப்பலாம்?

கேள்வி: நண்பர்கள் அணியாகச் சேர்ந்து ஆடும் மொபைல் கேம் ஒன்றை வெளியிட்டிருக்கிறோம். காலை, மதியம், இரவு என்று எல்லோருக்கும் தினமும் மூன்று புஷ் நோட்டிஃபிகேஷன் போகிறது. ஆரம்பத்தில் திரும்ப வந்தார்கள், இப்போது நிறையப் பேர் அணைத்துவிடுகிறார்கள். ஒன்றாகக் குறைத்தால் சரியாகிவிடுமா?

பதில்: கொஞ்சம் சரியாகும், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி போகிறவரை அது ஒன்றானாலும் விளம்பரம் மாதிரிதான் இருக்கும். கடிகாரத்தைப் பார்த்து அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். கேமுக்குள் அந்த ஆளுக்கு ஏதாவது நடந்தால் அனுப்புங்கள், எதுவும் நடக்காத நாளில் பேசாமல் இருங்கள்.

உங்களுடையது சோஷியல் கேம் என்பதால் இதற்குப் பஞ்சமே இல்லை. ‘உங்கள் ராஜ்யம் உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று வந்தால் யாரும் அசைய மாட்டார்கள். ‘மீனா உங்கள் கோட்டையில் பாதியை இடித்துவிட்டார், பதிலடிக்கு இன்னும் 40 நிமிடம் இருக்கிறது’ என்றால் கை தானாகப் போகும். அதைத் தட்டியதும் நேராக அந்தச் சண்டைத் திரையே திறக்க வேண்டும். முகப்புக்குப் போய், தினசரிப் பரிசு பாப்-அப்பை மூடி, அப்புறம் தேடிக்கொள் என்று விட்டால் கூப்பிட்ட வேகத்தில் விரட்டியும் விடுகிறீர்கள்.

அடுத்தது, பழைய செய்தி. போன்களுக்குப் புஷ் செய்தியைக் கொண்டு சேர்க்கும் கூகுளின் எஃப்.சி.எம். சேவை வழியாக அனுப்பும்போது ஆயுட்காலத்தை நீங்கள் குறிக்காவிட்டால், போன் அணைந்திருந்தாலும் அந்தச் செய்தியை 4 வாரம் வரை வைத்திருந்து கொடுக்கப் பார்க்கும். என்றைக்கோ முடிந்துபோன சண்டைக்கு இன்று ‘சீக்கிரம் வா’ என்று அழைப்பு வந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? 40 நிமிட விஷயத்துக்கு 40 நிமிட ஆயுளே கொடுங்கள். தொடர்ந்து ஐந்து பேர் தாக்கினால் ஐந்து வரி அடுக்காமல், ஒரே வகைச் செய்திகளுக்குப் பொது அடையாளமான கொலாப்ஸ் கீ வைத்து, போய்ச் சேராமல் காத்திருக்கும் பழையதைப் புதியது மாற்றும்படி செய்யுங்கள். ஆட்டக்காரர் இருக்கும் ஊரில் நள்ளிரவு என்றால் நிறுத்திவைத்து, விடிந்ததும் ஒரே வரியாகச் சொல்லலாம்.

எனர்ஜி நிரம்பியது, பயிர் விளைந்தது போன்றவற்றுக்கு சர்வரே தேவையில்லை, நேரம் முன்பே தெரியும் என்பதால் போனிலேயே லோக்கல் நோட்டிஃபிகேஷனாகப் போட்டுவிடலாம். ஐபோனில் ஒரு ஆப்புக்கு இப்படி 64 வரைதான் காத்திருப்பில் நிற்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இனி நோட்டிஃபிகேஷனுக்கான அனுமதி. முதல் முறை திறந்த உடனே கேட்கிறீர்கள் என்றால் அதை இன்றே மாற்றுங்கள். ஐபோனில் அனுமதி கேட்கும் சிஸ்டம் பெட்டி ஒரே ஒரு முறைதான் வரும், மறுத்தவர் தானாக செட்டிங்ஸுக்குப் போய் மாற்றினால்தான் உண்டு. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் அங்கேயும் அனுமதி கேட்டாக வேண்டும். ஆட்டம் என்னவென்றே தெரியாதவர் எதற்கு ‘சரி’ சொல்லப்போகிறார்? முதல் அணியில் சேர்ந்ததும், ‘உங்கள் முறை வந்ததும் சொல்லட்டுமா?’ என்று உங்கள் சொந்தத் திரையில் கேளுங்கள். ஆமாம் என்றவருக்கு மட்டும் சிஸ்டம் பெட்டியைக் காட்டுங்கள், மற்றவரிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு 8 முதல், நோட்டிஃபிகேஷன்களை வகைவாரியாகப் பிரிக்கும் சேனல் வசதி இருக்கிறது. தாக்குதல், அணி அரட்டை, சலுகை மூன்றையும் தனித்தனிச் சேனலில் வையுங்கள், அரட்டைத் தொல்லை தாங்காதவர் அதை மட்டும் அணைத்துவிட்டுப் போவார். எல்லாம் ஒரே சேனலில் கிடந்தால் மொத்தமும் போச்சு. சலுகை விஷயத்தில் ஆப்பிளுக்குத் தனி விதியே உண்டு: விளம்பரப் புஷ் அனுப்ப ஆட்டக்காரர் ஆப்புக்குள் தெளிவாகச் சம்மதித்திருக்க வேண்டும், வேண்டாம் என்று விலகவும் ஆப்புக்குள்ளேயே வழி இருக்க வேண்டும்.

கடைசியாக, எத்தனை பேர் தட்டினார்கள் என்ற கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், எப்படியும் வந்திருக்கக்கூடியவர்தான் அதிகம் தட்டுவார். சிறு பங்கு ஆட்டக்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சில வாரங்களுக்கு அவர்களுக்கு ஒரு புஷ்ஷும் அனுப்பாமல் விட்டு, இரு தரப்பிலும் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள், எத்தனை பேர் ஆப்பை நீக்கினார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசமே தெரியாத வகைச் செய்தியைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள். உங்கள் மதிய நேரத்துச் செய்திதான் முதலில் போகும் என்பது என் ஊகம்.