கலைக்கூடத்துக்கு வசூல்

கேள்வி: எங்கள் ஊரில் கூத்தும் பறையும் பழக ஒரு கலைக்கூடம் கட்ட ஆசை. நன்கொடை வசூலை எங்கிருந்து தொடங்குவது, ஐயா?
— ஒரு வாசகி, செய்யாறு

பதில்: ரசீதுப் புத்தகத்திலிருந்து, அம்மா! நாங்கள் கொட்டகை போட்டபோது துண்டுச் சீட்டில் கணக்கு எழுதினோம். இரண்டே மாதத்தில் டீக்கடையில் என்னைத் திருடன் என்றார்கள். அப்புறம்தான் வரவு செலவைக் கோயில் சுவரில் ஒட்டினேன். சூளைக்காரர் பணம் தரவில்லை, ஒரு லோடு செங்கல் இறக்கினார். அதுவும் வசூல்தான்.

அறக்கட்டளை பதிவுசெய்து, நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்க வழிசெய்யும் 80ஜி எனப்படும் அங்கீகாரத்தை வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடையாது. வங்கி வழியே வாங்குங்கள். ஆடித் திருவிழாவுக்கு வரும் வெளியூர்க்காரர்களைப் பிடிக்க ஒரு ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வையுங்கள். கர்ணன் சாவதற்கு முன்பே தட்டை ஏந்திவிடுங்கள். விடிகிற நேரத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.