அனிமேஷன் கற்க எந்த மென்பொருள்: மாயாவா, பிளெண்டரா, ஹார்மனியா? சாதாரண லேப்டாப் போதுமா?

பிளெண்டரில் தொடங்குங்கள். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும், காசும் கட்ட வேண்டாம். அதை வைத்திருந்த நிறுவனம் நொடித்துப்போனபோது, 2002ல் பயனர்களே ஒரு லட்சம் யூரோ திரட்டி மூல நிரலை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். 2025ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்ற லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ பிளெண்டரில் உருவானதுதான். இலவசம் என்பதால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் எந்த மென்பொருள் என்பதைவிட, முதலில் எதைச் செய்து பார்க்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். டிராகன், சண்டைக்காட்சி எல்லாம் அப்புறம். ஒரு பந்தைக் குதிக்க விடுங்கள்.

திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். பந்து உச்சியில் இருக்கும்போது அடுத்தடுத்த ஃபிரேம்களில் அதிகம் நகராது. தரையை நெருங்க நெருங்க இடைவெளி கூடும். இந்த இடைவெளியை ஸ்பேசிங் என்பார்கள். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி விட்டால் பந்துக்கு எடையே இருக்காது.

எந்த ஃபிரேமில் பந்து எங்கே இருக்க வேண்டும் என்று நாம் குறித்துவைப்பதுதான் கீ. பிளெண்டரில் உச்சிக்கு ஒரு கீ, தரைக்கு ஒரு கீ, மறுபடி உச்சிக்கு ஒரு கீ வைத்து ஓட்டிப் பாருங்கள். பந்து மெத்தையில் இறங்குவதுபோல் தரையருகே வேகம் குறைந்து மெதுவாகத் தொடும். கீகளுக்கு இடையிலான வளைவைப் பிளெண்டர் தானாகவே வழவழப்பாக்கிவிடுவதுதான் காரணம். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் தரைக் கீயை மட்டும் தேர்ந்தெடுத்து, ‘வி’ விசையை அழுத்தி, வெக்டர் என்று மாற்றுங்கள். வளைவு அந்த இடத்தில் கூர்மையாக மடங்கும், பந்து சட்டென்று எம்பும். அனிமேஷன் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது இந்த ஒரு மாற்றத்தில்தான்.

கையால் வரையப் பிடிக்கும் என்றால் ஓபன்டூன்ஸைப் பாருங்கள். ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய டூன்ஸ்தான் 2016ல் அந்தப் பெயரில் இலவசமாக வெளியானது. ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம் வரைந்தால் போதும். பெரிய ஸ்டூடியோக்களும் செய்வதுதான் இது. களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுக்கும் ஸ்டாப் மோஷன் பக்கம் ஆசை இருந்தால் ஒரு ஃபோனும் அசையாத ஸ்டாண்டும் போதும். பிரிஸ்டலில் இருக்கும் ஆர்ட்மேன் ஸ்டூடியோ 1972லிருந்து இந்த வேலையில்தான் பேர் வாங்கியது.

மாயாவையும் ஹார்மனியையும் வேலை தேடும் கட்டத்தில் கற்றால் போதும். பல ஸ்டூடியோக்கள் இவற்றைத்தான் கேட்கின்றன. நீங்கள் மாணவர் என்றால் மாயா இலவசமாகவே கிடைக்கும். கீ, டைமிங், கிராஃப் எல்லாம் கைவந்துவிட்டால் பட்டன்கள் இருக்கும் இடம்தான் மாறும். ஏதாவது படிப்பில் சேருவதாக இருந்தால், பணம் கட்டும் முன் அங்கே படித்தவர்களின் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். பளபளப்பான ரெண்டரை, அதாவது ஒளியும் நிறமும் சேர்ந்த இறுதிப் படத்தைப் பார்க்காதீர்கள். ஒரு கதாபாத்திரம் நடக்கும்போது கால் தரையில் பதிகிறதா, வழுக்குகிறதா என்று பாருங்கள்.